தேஸேயில் சில மாதம் தொண்டு செய்யப் போகிறவர்களுக்கு

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில், க்ளூனி என்ற பழைய மடாலய ஊரிலிருந்து பத்து கிலோமீட்டர் தூரத்தில் ஒரு குன்று. அதன் மேல் சில கல் வீடுகள், ஒரு சின்னஞ்சிறு பழங்காலக் கோயில். தேஸே கிராமம் அவ்வளவுதான். 1940 ஆகஸ்டில், 25 வயதில், சுவிட்சர்லாந்திலிருந்து இங்கே வந்த ரோஜர் என்ற இளைஞர் ஒரு வீட்டை வாங்கி, போரில் தப்பி ஓடிவந்தவர்களை, யூதர்களையும் சேர்த்து, அதில் மறைத்து வைத்தார். 1949 ஈஸ்டரில் ஏழு பேர் துறவற வாக்குக் கொடுத்துச் சேர்ந்து வாழத் தொடங்கினார்கள். இன்று கத்தோலிக்கரும் புரொட்டஸ்டன்டுமாகப் பல நாட்டுப் பிரதர்கள் (ஆண் துறவிகள்) இருக்கிறார்கள். கோடைக்காலத்தில் ஒவ்வொரு ஞாயிறும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஜெபத்துக்காக வந்து இறங்கி, அடுத்த ஞாயிறு கிளம்புகிறார்கள்.

இத்தனை பேருக்குச் சோறு போட்டு, படுக்க இடம் காட்டி, கக்கூஸ் கழுவி வைப்பது சம்பளமில்லாத் தொண்டர்கள். அங்கே அவர்களைப் 'பெர்மனென்ட்' என்பார்கள். பெயர்தான் நிரந்தரம், இருப்பது சில வாரத்திலிருந்து ஓராண்டு வரை. இந்தக் கட்டுரை அப்படிப் போகும் நம்மவர்களுக்கு. நமக்கும் தேஸேக்கும் பழக்கம் புதிதல்ல: 1985-லும் 1988-லும் அவர்கள் சென்னையிலேயே பெரிய இளைஞர் கூட்டம் நடத்தியிருக்கிறார்கள்.

போகிறவர்கள் வேலையை நினைத்துப் பயப்படுகிறார்கள். வேலை யாரையும் சாய்ப்பதில்லை. மூன்றாவது நான்காவது வாரத்தில் காலை வாரிவிடுவது ஜெபம்தான். எனவே பெட்டி கட்டுவதைச் சுருக்கமாகவும் உள்ளே நடப்பதை விரிவாகவும் சொல்கிறோம்.

கிளம்புவதற்கு முன்

நீண்ட நாள் தொண்டு திருமணமாகாத இளைஞர்களுக்கானது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கடிதத்திலேயே 'ஒரு வருடம் இருக்க வேண்டும்' என்று எழுத வேண்டாம். நீங்கள் யார், எந்தப் பங்குக் கோயிலில் என்ன செய்கிறீர்கள், ஏன் வர நினைக்கிறீர்கள், எந்த மாதம் முடியும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பங்குச் சாமியார் அல்லது ஆயர் தரும் சான்றுக் கடிதமும் தேவைப்படும். 'ஏன்' என்ற கேள்விக்கு 'கடவுளின் அழைப்பு' என்று மட்டும் எழுதினால் அது எல்லோரும் எழுதுவது. பொறியியல் முடித்து வேலை கிடைக்காமல் ஓராண்டு வீட்டில் இருந்தது காரணம் என்றால் அதையே எழுதலாம். அங்கே படிப்பவர்கள் அதற்கு முகம் சுளிப்பதில்லை.

விசாவுக்கு அவர்களின் அழைப்புக் கடிதம்தான் அச்சாணி. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகியகால விசாவில் 180 நாளுக்குள் 90 நாள் தங்கலாம். வந்த நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்: 90 நாள் என்பது மூன்று மாதம் அல்ல. ஜூலை 1-இல் போய் இறங்கி செப்டம்பர் 30-இல் கிளம்பினால் 92 நாள், விதிமீறல். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து கொடுக்கலாம், 15 நாளுக்குக் குறையக் கூடாது. கோடை நெருங்கினால் விசா விண்ணப்பம் வாங்கும் சென்னை விஎஃப்எஸ் மையத்தில் நேரம் கிடைப்பதே பாடு என்பதால் மூன்று மாதம் முன்பே முடித்துவிடுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் எடுத்ததாகவும், ஐரோப்பாவை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு பக்கம் காலியாகவும் இருக்க வேண்டும். பயண நோக்கத்தில் 'சுற்றுலா' என்று டிக் செய்துவிட்டு அழைப்புக் கடிதத்தில் 'தொண்டு' என்று இருந்தால் நிராகரிக்க அதுவே போதும். 90 நாளுக்கு மேல் என்றால் பிரான்சின் நீண்டகால விசா. அதிலும் பெரும்பாலான வகைகளைப் போய் இறங்கிய மூன்று மாதத்துக்குள் இணையத்தில் பதிந்து உறுதி செய்ய வேண்டும்.

பாரிஸின் கார் த லியோன் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் மாகோன்-லொஷே ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். மாகோனில் இரண்டு நிலையங்கள் உண்டு. ஊருக்குள் இருப்பது மாகோன்-வீல். அதிவேக ரயில் நிற்கும் லொஷே ஊருக்கு வெளியே. டிக்கெட் எடுக்கும்போது இரண்டையும் குழப்பாதீர்கள். அங்கிருந்து தேஸேக்குப் பஸ். கடைசி பஸ் நேரத்தை இங்கேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். விட்டால் டாக்சிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு மாதக் கைச்செலவை ஓட்டலாம்.

பெட்டி

உள்ளாடைக்கு மேல் போடும் தெர்மல் இரண்டு செட், மழை உள்ளே இறங்காத ஜாக்கெட், தண்ணீர் புகாத மூடிய ஷூ, டார்ச், சின்னப் பூட்டு, கைக்கு வாசலின். நம் ஊர் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது. செல்போன் சார்ஜரின் மெல்லிய இரண்டு முள் நுழையும். ஐரோப்பாவுக்குள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டு போகக் கூடாது. ஆகவே அம்மா கட்டிக் கொடுக்கும் நெய், பால்கோவா இரண்டும் வீட்டிலேயே இருக்கட்டும். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய் பிரச்சினையில்லை. அவற்றின் அருமை பத்தாம் நாள் தெரியும்.

தமிழ் பைபிள் ஒன்று, கோடு போட்ட நூறு பக்க நோட்டு இரண்டு, பேனா. நோட்டு எதற்கென்று பிறகு வருகிறது.

ஒரு நாள்

மணிகள் அடிக்கும். நுழைவாயிலுக்குப் பக்கத்தில் உள்ள மணிக்கூண்டிலிருந்து ஒவ்வொரு ஜெபத்துக்கும் முன்னால் நெடுநேரம் அடிக்கும். காலை ஜெபம் 8.15-ஐ ஒட்டி, நண்பகல் ஜெபம் 12.20, இரவு ஜெபம் 8.30. இந்த மூன்று ஆணிகளில்தான் நாள் தொங்குகிறது. மணி அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். 'இந்தப் பாத்திரத்தை முடித்துவிட்டு வருகிறேன்' என்பது நம் ஊரில் கடமை உணர்ச்சி. அங்கே அது மணியை அவமதிப்பது.

காலைச் சாப்பாடு ஒரு துண்டு ரொட்டி, கொஞ்சம் வெண்ணெய், இரண்டு குச்சி சாக்லேட், பிடி இல்லாத கிண்ணத்தில் டீ அல்லது கோகோ. தேஸேயில் கத்தியும் முள்கரண்டியும் கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்பூன். கிண்ணத்தை இரு கையாலும் பொத்திப் பிடித்துக் குடிக்க வேண்டும். டிசம்பர்க் காலைக் குளிரில் அந்தச் சூடு உள்ளங்கையில் ஏறுவது ஒன்றே போதும், ஏன் பிடி வைக்கவில்லை என்று புரிந்துவிடும். மதியமும் இரவும் உப்பு காரம் எதிர்பார்க்காதீர்கள்.

ஜெபம் நடக்கும் பெரிய கோயிலின் பெயர் ஒப்புரவு ஆலயம். போர் முடிந்து, ஜெர்மனி செய்த கொடுமைக்குப் பரிகாரமாக, ஜெர்மன் இளைஞர்கள் தொண்டர்களாக வந்து கட்டிக் கொடுத்தார்கள், 1962-இல் திறந்தது. 1971 ஈஸ்டருக்குக் கூட்டம் கொள்ளாமல் முன்சுவரையே இடித்துக் கூடாரத்தோடு இணைத்தார்கள். நீங்கள் துடைக்கப் போகும் தரை அது. உள்ளே பெஞ்சு வரிசை கிடையாது. தரையில் உட்காருவது நமக்குச் சுலபம். வெள்ளை அங்கியில் பிரதர்கள் நடுவில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் ஆரஞ்சு நிறத் துணிகள் மேலே விரிந்து தொங்கும், கீழே மெழுகுவர்த்திகள். சுவரில் ஒளிரும் எண் பலகையில் பாட்டு எண் வரும், கையிலுள்ள மெல்லிய புத்தகத்தில் அந்த எண்ணைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

ஒரே வரி, இரண்டு வரிப் பாட்டுகள். திரும்பத் திரும்ப ஐந்து நிமிடம் கூட ஓடும். லத்தீன், ஸ்பானிஷ், போலிஷ், ரஷ்யன் என்று மொழி மாறிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் அர்த்தம் தெரிந்துகொண்டுதான் பாடுவேன் என்று புத்தகத்தின் மொழிபெயர்ப்பில் கண்ணை வைத்திருப்பது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. முதல் தடவை அர்த்தம் பாருங்கள், பிறகு புத்தகத்தை மூடுங்கள். பத்தாவது சுற்றில் வாய் தானாகப் பாடும், மனம் விடுபடும். ஜெபமாலை சொல்லி வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தை ஏற்கெனவே கைவசம் இருக்கிறது.

மௌனம்

ஒவ்வொரு ஜெபத்தின் நடுவிலும் ஐந்திலிருந்து பத்து நிமிடம் வரை ஒன்றும் நடக்காது. யாரும் பேசமாட்டார்கள், பாடமாட்டார்கள், ஆர்கன் வாசிக்கமாட்டார்கள். நம் ஊர்க் கோயிலில் ஒரு நிமிடம் சத்தம் இல்லையென்றால் கரண்டு போய்விட்டது என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தோடு போகிறவருக்கு முதல் வாரம் இந்த மௌனம் அழகாக இருக்கும், இரண்டாவது வாரம் நீளமாக இருக்கும், மூன்றாவது வாரம் பொறுக்க முடியாமல் போகும்.

செய்ய வேண்டியது இது. மௌனம் தொடங்கியதும் முதுகை நிமிர்த்தி, கைகளை மடியில் வையுங்கள். கண்ணை முழுதாக மூடினால் தூக்கம் வரும். அரைக்கண்ணாகத் தரையில் நான்கடி முன்னால் பாருங்கள். ஒரு சின்னச் சொற்றொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 'இயேசுவே, இரங்கும்' போதும். மூச்சை உள்ளே இழுக்கும்போது 'இயேசுவே', விடும்போது 'இரங்கும்'. பத்து மூச்சுக்குள் மனம் எங்கேயாவது ஓடியிருக்கும்: வீட்டுக் கடன், நேற்று அந்த ஜெர்மன் பையன் பேசிய விதம், மத்தியானம் என்ன சாப்பாடு. ஓடியதைக் கண்டவுடன் திட்டாமல் சொல்லுக்குத் திரும்புங்கள். எட்டு நிமிட மௌனத்தில் நாற்பது தடவை திரும்பினால், நாற்பது தடவை ஜெபித்தீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

தவறுவது எங்கே? மௌனத்தில் விண்ணப்பப் பட்டியல் வாசிக்கத் தொடங்கிவிடுவது. தங்கச்சி கல்யாணம், அப்பாவுக்குச் சர்க்கரை, சித்தப்பா வழக்கு என்று. விண்ணப்பத்துக்கு அதே ஜெபத்தில் தனி இடம் இருக்கிறது. இரண்டாவது தவறு, ஏதாவது 'குரல் கேட்கும்' என்று காத்திருப்பது. எழுப்புதல் கூட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது பெரிய ஏமாற்றமாக முடிகிறது. எதுவும் கேட்காமல் எழுந்து போவதுதான் அங்கே பெரும்பாலான நாள்.

நற்கருணை பற்றி ஒரு வார்த்தை. கத்தோலிக்கர், சிஎஸ்ஐ, லுத்தரன், ஆர்த்தடாக்ஸ் எல்லோரும் ஒரே தரையில் உட்காருகிறார்கள், ஆனால் யார் நற்கருணை வாங்கலாம் என்ற விதிகள் கரைந்துவிடவில்லை. வாங்காதவர்களுக்கு ஆசீர்வதித்த ரொட்டி உண்டு. எங்கே நிற்பது என்று முதல் நாளே ஒரு பிரதரிடமோ சிஸ்டரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். வரிசையில் நின்றுகொண்டு விழிக்க வேண்டாம்.

வேலை

சமையல், பாத்திரம், கழிவறை, வரவேற்பு, கோயில் சுத்தம், இரவுக் காவல், கடை. எதைக் கொடுப்பார்கள் என்று உங்களால் சொல்ல முடியாது. சில வாரத்துக்கொருமுறை மாறும்.

தொண்டரின் உண்மையான வேலை தானே கழுவுவது அல்ல, அந்த வாரம் வந்த பதினேழு வயதுப் பிள்ளைகள் இருபது பேரை வைத்துக் கழுவ வைப்பது. நம்மவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஒருவரை வேலை சொல்லக் கூச்சம், ஆங்கிலம் தடுமாறும், ஆகவே 'நானே செய்துவிடுகிறேன்' என்று இரண்டு ஆள் வேலையைத் தலையில் போட்டுக்கொண்டு மூன்றாவது நாள் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பிள்ளைகளும் சும்மா நின்று சலிப்பார்கள். ஆறு இடமாகப் பிரியுங்கள்: தட்டு வாங்குபவர், மிச்சத்தை வழிப்பவர், சோப்புத் தொட்டி, அலசும் தொட்டி, துடைப்பவர், அடுக்குபவர். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லோரையும் ஓர் இடம் நகர்த்துங்கள். சூடான சோப்புத் தண்ணீரில் தொடர்ந்து நிற்பவருக்குக் கை வெடிக்கும். வாய் வரவில்லையென்றால் ஒரு தடவை செய்து காட்டி, ஸ்பாஞ்சை அவர் கையில் கொடுங்கள். யாராவது ஒரு பாட்டை எடுத்தால் வேலை பாதி முடிந்த மாதிரி.

கழிவறை முறை வரும்போது உள்ளே ஏதோ ஒன்று சுருங்கும். நம் ஊரில் அந்த வேலையை எந்தச் சாதியின் தலையில் கட்டி வைத்திருக்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். கையில் பிரஷ் பிடிக்காமலே 25 வயது வரை வந்தவர்கள் நிறையப் பேர். பக்கத்தில் மருத்துவம் படிக்கும் டச்சுப் பெண் பாட்டுப் பாடிக்கொண்டே தேய்த்துக்கொண்டிருப்பாள், அவளுக்கு இதில் எந்த அர்த்தமும் இல்லை. உங்களுக்கு இருக்கிறது. அந்தச் சுருக்கத்தை 'தாழ்மை' என்று பெயர் வைத்து உடனே அழகுபடுத்தாமல், அப்படியே நோட்டில் எழுதி வையுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த எதை அங்கே முதன்முதலாகப் பார்க்கிறீர்கள் என்று பின்னால் தெரியும்.

பேச்சு

காலையில் ஒரு பிரதர் பைபிள் பகுதியை விளக்குவார், பிறகு ஏழெட்டுப் பேர் கொண்ட குழுவாக உட்கார்ந்து பகிர்வார்கள். சண்டே ஸ்கூலில், இளைஞர் இயக்கத்தில் பேசிப் பழகியவர்களுக்கு இது பிரசங்க மேடையாகத் தோன்றும். தோன்றினால் வாயைக் கட்டுங்கள். இரண்டு நிமிடம், 'நாம் எல்லோரும்' என்று தொடங்காமல் 'நான்' என்று தொடங்குவது, வசனம் ஒன்றுக்கு மேல் வேண்டாம். எதிரே இருப்பவர் 'எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை, சும்மா நண்பர்களோடு வந்தேன்' என்று சாதாரணமாகச் சொல்வார். அவரை மனந்திருப்பும் வேலையை உங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை. 'நீ ஏன் நம்புகிறாய்?' என்று அவர் கேட்டால், ஞானோபதேச வகுப்பு விடை ஐரோப்பியப் பிள்ளைகளிடம் பத்து வினாடி தாங்காது. 'எங்கள் வீட்டில் இரவு எட்டு மணிக்கு எல்லோரும் முழங்காலில் இருப்போம், அப்பா குடித்துவிட்டு வந்த நாளிலும்' என்பது போல ஒரு காட்சி சொல்லுங்கள். அது தாங்கும்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. 'சரி' என்பதற்கு நாம் தலையை இருபுறம் ஆட்டுவது அங்கே 'தெரியாது' அல்லது 'வேண்டாம்'. வாயால் சொல்லுங்கள். முடியாத வேலைக்கு மரியாதைக்காக 'ஓகே' சொன்னால் அதை உறுதியான சம்மதமாக எடுத்துக்கொண்டு காத்திருப்பார்கள். 'சாப்பிட்டாயா?' என்று கேட்டால் சாப்பிடக் கூப்பிடுகிறீர்கள் என்று நினைப்பார்கள். கட்டிப்பிடித்து விடைபெறுவது சங்கடமாக இருந்தால் கைகூப்பலாம்; யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

நோட்டு

நாள் முழுக்க அரைகுறை ஆங்கிலத்தில் இருப்பீர்கள். 'குட்', 'நைஸ்', 'டயர்ட்' என்று பத்துச் சொல்லுக்குள் உங்கள் உணர்ச்சி எல்லாம் அடங்கிவிடும். ஒரு மாதம் இப்படிப் போனால் உள்ளேயும் பத்துச் சொல்தான் மிஞ்சும். அதனால்தான் தமிழில் எழுதச் சொல்கிறோம்.

நேரம் பத்து நிமிடம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. இரவில் எழுத வேண்டாம். களைப்பில் எழுதுவதெல்லாம் சோகமாக வரும், மறுநாள் படித்தால் வேறு யாரோ எழுதியது போல இருக்கும். எழுத வேண்டியது மூன்று: இன்று கண்ணால் கண்ட ஒன்று, மனம் அசைந்த ஓர் இடம், கடவுளிடம் ஒரு வரி.

இப்படி எழுதினால் பயனில்லை: 'இன்றைய ஜெபம் மிகவும் ஆசீர்வாதமாக இருந்தது. தேவனுக்கே மகிமை.'

இப்படி எழுதுங்கள்: 'நான் துடைத்து அடுக்கிய கிண்ணங்களை அந்தப் பெண் ஒன்றுவிடாமல் எடுத்து மறுபடி துடைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு முகம் சூடாகிவிட்டது. நண்பகல் மௌனம் முழுக்க அவளோடு மனசுக்குள் சண்டை. ஆண்டவரே, ஒரு கிண்ணத்துக்கா இத்தனை கோபம்?'

சனிக்கிழமை பென்சிலை எடுத்து அந்த வாரத்தைப் படித்து, திரும்ப வரும் சொற்களுக்கு அடிக்கோடு போடுங்கள். நான்கு வாரம் செய்தால் ஒரு சொல் தலைதூக்கும். 'மரியாதை' என்ற சொல்லோ 'தனியாக' என்ற சொல்லோ நீங்கள் எதிர்பார்க்காத அளவு வந்திருக்கும். இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் கற்றுத்தந்த ஆன்ம சோதனையைப் பழகியவர்கள் அதே ஐந்து படியைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்: நன்றி, ஒளி கேட்பது, நாட்களைப் பின்னோக்கிப் பார்ப்பது, வருந்துவது, நாளைக்கு ஒரு முடிவு. குழுவில் பிறர் அழுது சொன்ன விஷயங்களைப் பெயரோடு எழுதாதீர்கள், நோட்டு தொலையும்.

ஊரில் உண்டியல் எடுத்து டிக்கெட்டுக்குக் கொடுத்த பங்கு மக்கள் 'சாட்சி' எதிர்பார்ப்பார்கள். நோட்டு வேறு, அவர்களுக்கு எழுதும் கடிதம் வேறு. மாதம் ஒன்று, ஒரு பக்கம், ஒரே ஒரு நிகழ்ச்சி. தினமும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட ஆரம்பித்தால், மௌனத்தில் உட்கார்ந்திருக்கும்போதே இதை எப்படி எழுதலாம் என்று மனம் வாக்கியம் கோக்கத் தொடங்கும். அதன் பிறகு மௌனம் என்ற ஒன்று இல்லை.

நான்காவது வாரம்

அறிகுறிகள்: மணி அடித்தால் எரிச்சல். கோயிலில் தூக்கம். புதிதாக வந்தவர்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கண்கலங்குவதைப் பார்த்து உள்ளே ஒரு நக்கல். பாட்டு ஆட்டோமேட்டிக்காக ஓடும், சொல் ஒட்டாது.

பாதிக் காரணம் ஞாயிற்றுக்கிழமை. ஒரு வாரம் ஒன்றாகப் பாத்திரம் கழுவி, நடுராத்திரி வரை பேசி, அண்ணன் தங்கை மாதிரி ஆன பிறகு அவர்கள் பஸ் ஏறிவிடுவார்கள். அன்று மாலையே அடுத்த கூட்டம் இறங்கும், 'உன் பெயர் என்ன, எந்த ஊர்' என்று முதலிலிருந்து. மூன்று மாதத்தில் பன்னிரண்டு தடவை. மனம் தன்னைக் காத்துக்கொள்ளக் கதவைச் சாத்துகிறது, சாத்தும்போது ஜெபமும் வெளியே நின்றுவிடுகிறது. ஆகவே பஸ் போன பிறகு அறையில் படுக்காதீர்கள். பக்கத்து ஆமுய்னி கிராமத்துப் பழைய கோயில் வரை நடக்கலாம். பழைய ரயில் பாதையைச் சைக்கிள் தடமாக மாற்றியிருக்கிறார்கள்; அதில் க்ளூனி வரை போய் வரலாம். செயின்ட் எத்தியென் ஊற்றுப் பக்கம் உட்காரலாம், அங்கே மௌனம் கடைப்பிடிக்கிறார்கள்.

மீதிப் பாதி வறட்சி. அதற்கு மருந்து கூடுதல் ஜெபம் அல்ல. மூன்று ஜெபத்துக்கும் போய் உட்காருங்கள், ஆனால் ஒன்றில் மட்டும் முயலுங்கள். நண்பகல் நல்லது, தூக்கம் வராது. வழக்கமாக உட்காரும் இடத்தை மாற்றுங்கள். திருப்பாடல் 13-ஐ ஒரு வாரம் முழுக்க வைத்துக்கொள்ளுங்கள். 'எதுவரைக்கும்' என்ற கேள்வி அதில் நான்கு முறை வருகிறது, அதை அப்படியே திருப்பிக் கேட்க உங்களுக்கும் உரிமை உண்டு.

ஒவ்வொரு தொண்டருக்கும் பேசுவதற்கென ஒருவர் இருப்பார்: ஆண்களுக்கு ஒரு பிரதர், பெண்களுக்குப் பெரும்பாலும் பக்கத்துக் கிராமத்தில் வாழும் புனித அந்திரேயா சபை சிஸ்டர்களில் ஒருவர். இது பாவசங்கீர்த்தனம் அல்ல. 'எல்லாம் நல்லா இருக்கு சிஸ்டர்' என்று நான்கு வாரம் சொல்லிவிட்டு ஐந்தாவது வாரம் திடீரென்று டிக்கெட் மாற்றிக் கிளம்பியவர்கள் உண்டு. நோட்டிலிருந்து இரண்டு வரியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து எடுத்துப் போங்கள். அது போதும், பேச்சு தானாகத் தொடங்கும். தூக்கமின்மை, சாப்பிட முடியாமை, காரணமில்லாத அழுகை இரண்டு வாரம் நீடித்தால் அதை ஆன்மிக வறட்சி என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று நேராகக் கேளுங்கள்.

வீட்டுக்குப் போன்: கோடையில் நாம் மூன்றரை மணி நேரம் முன்னால், குளிர்காலத்தில் நாலரை. மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு இது மாறும். இரவு ஜெபம் முடித்துக் கூப்பிட்டால் அங்கே நடுச்சாமம், அம்மா பதறி எழுவார். மதியம் இரண்டு மணி சரி. வாரம் இரண்டு தடவை போதும். தினம் பேசினால் உடல் மட்டும்தான் பிரான்சில் இருக்கும்.

ஊருக்கு வந்த பிறகு

முதல் ஞாயிறு கோயிலில் எட்டு ஸ்பீக்கரும் ஒன்றாக அலறும்போது அழுகை வரும். ஒரு மாதம் விமர்சனம் எதுவும் பேசாதீர்கள். பிறகு, சாமியாரிடம் அனுமதி வாங்கி, மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை 45 நிமிட ஜெபம் தொடங்கலாம். வரிசை இது:

1. இரண்டு மூன்று சிறு பாட்டு, ஒவ்வொன்றும் நான்கு நிமிடம்.
2. ஒரு திருப்பாடலிலிருந்து சில வரிகள். ஒருவர் வாசிக்க, எல்லோரும் அல்லேலூயா பாடுவது.
3. பைபிள் வாசகம், ஐந்தாறு வசனத்துக்கு மேல் வேண்டாம். விளக்கவுரை கிடையாது.
4. ஒரு பாட்டு, பிறகு மௌனம்.
5. ஏழெட்டு ஒரு வரி விண்ணப்பம், நடுவே 'ஆண்டவரே இரக்கமாயிரும்'.
6. கர்த்தர் கற்பித்த ஜெபம், ஒரு முடிவு ஜெபம், மறுபடி பாட்டுகள்.

மௌனம் முதல் மாதம் மூன்று நிமிடம், ஆறாவது மாதம் ஏழு நிமிடம். தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் இரண்டாவது நிமிடம் யாராவது ஒரு அக்கா ஜெபமாலையைத் தொடங்கிவிடுவார். வேற்றுமொழிப் பாட்டு ஒன்றுக்கு மேல் வேண்டாம். மைக் வேண்டாம். நடத்துபவர் மக்களைப் பார்த்து நிற்காமல், எல்லோரையும் போலச் சிலுவையைப் பார்த்துத் தரையில் உட்காரட்டும். மெழுகுவர்த்தியை மணல் பரப்பிய தாம்பாளத்தில் நிறுத்துங்கள். திரைத்துணிக்குக் கிட்டே வேண்டாம். மின்விசிறி போட்டால் எல்லாம் அணையும், போடாவிட்டால் கூட்டம் வியர்த்து எழுந்து போகும். கண்ணாடிக் கூண்டு போட்ட விளக்குதான் நம் ஊருக்குச் சரி.

கடைசிப் பாட்டுக்குப் பிறகு அறிவிப்பு எதுவும் செய்யாதீர்கள். பாடுகிறவர்கள் பாடட்டும், போகிறவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போகட்டும். வாட்ச்மேனிடம் மட்டும் ஒன்பது மணி ஆகும் என்று முன்பே சொல்லி வையுங்கள். இல்லையென்றால் எட்டரைக்கே சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்.